இளமை தீர்ந்த பின் வரும் காதல்: பழைய காதல் நகைச்சுவைப் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொது அறையில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலையில் பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். நடுவயதிலோ அதற்குப் பிறகோ காதலில் விழுகிறவர்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களைத் தொடர்ந்து திரையிட்டபோது, படம் முடிந்து காபி வந்த பிறகு எழுந்த கேள்விகளையும், நான் அப்போதைக்கப்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களைத் திருத்தியும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த வயதிலிருந்து ஒருவரை "மூத்த காதலர்" என்று கணக்கில் கொள்கிறீர்கள்?

ஆண்டுக் கணக்கு இதற்கு அவ்வளவாக உதவாது. ஒருவருடைய வாழ்க்கை ஏற்கெனவே ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டதா என்பதையே நான் பார்க்கிறேன். வேலை, வீடு, காபி குடிக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்பது வரை எல்லாம் முடிவாகிவிட்ட ஒருவரிடம் காதல் வந்து கதவைத் தட்டினால், அவர் அந்த ஒழுங்கைக் கலைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கத்திலிருந்துதான் இவ்வகைப் படங்களின் சிரிப்பு பிறக்கிறது. இளைஞர்களின் காதலில் பெற்றோர் குறுக்கே நிற்பார்கள். மூத்தவர்களின் காதலில் பிள்ளைகள் நிற்பார்கள். பிள்ளைகள் இல்லாவிட்டால் அவர்களுடைய சொந்தப் பழக்கமே நிற்கும்.

இத்தகைய காதலுக்குத் தமிழ் மரபில் இடம் உண்டா?

உண்டு, ஆனால் கௌரவமான இடம் இல்லை. தொல்காப்பியம் பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்று பிரித்து, அதன் வகைகளைச் சொல்லும்போது மடலேறுவதற்கு (காதல் கைகூடாதவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருவதற்கு) அடுத்தபடியாக "இளமை தீர்திறம்" என்பதை வைக்கிறது. இளம்பூரணர் தம் உரையில் அதை மூன்றாக விரிக்கிறார்: தலைவன் முதியவனாகவும் தலைவி இளையவளாகவும் இருப்பது, தலைவி முதியவளாகவும் தலைவன் இளையவனாகவும் இருப்பது, இருவரும் இளமை நீங்கிய நிலையில், அறத்தின் பக்கம் போக வேண்டிய மனம் காமத்தின் பக்கம் போவது. நானறிந்த வரையில், மூத்தவர்களின் காதலைப் பற்றி எடுக்கப்பட்ட எந்த ஊர்ப் படமும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. உரையாசிரியர் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இதை நகைச்சுவையாகப் பார்க்கும் பழக்கமும் நமக்குப் பழையதுதான். கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பாட்டொன்றில், காதலனுக்காக இரவில் காத்திருக்கும் பெண்ணின் எதிரே மொட்டைத் தலையும் போர்வையுமாக ஒரு முதிய பார்ப்பனர் வந்து நின்று, வெற்றிலை தின்கிறாயா என்று கேட்கிறார். கடைசியில் அவள் ஒரு கை மணலை அள்ளி அவர்மேல் தூவ, அவர் போட்ட கூச்சலில் அன்றைய சந்திப்பே கெட்டுப்போகிறது. இந்தக் காட்சியை அப்படியே ஒரு சபா நாடகத்தில் வைத்தாலும் இன்றைக்கும் அரங்கம் சிரிக்கும்.

முதல் வகை, அதாவது வயதான ஆணும் இளம்பெண்ணும் வரும் படங்கள், ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கின்றன?

கதாநாயகர்களுக்கு வயதானது, கதாநாயகிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். காரணம் அவ்வளவுதான். 1957-இல் வெளிவந்த "லவ் இன் தி ஆஃப்டர்நூன்" படத்தில் கேரி கூப்பருக்கு வயது 56, ஆட்ரி ஹெப்பர்னுக்கு 28. 1963-இல் வந்த "ஷராட்" படத்தில் அதே ஹெப்பர்னுக்கு இணையாக நடித்த கேரி கிராண்ட் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாம் ஓர் இளம்பெண்ணைத் துரத்துவது பார்க்க நன்றாக இராது என்று கருதி, அவளே தம்மைத் துரத்துவதாகத் திரைக்கதையை மாற்றச் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கூச்சம் படத்துக்கு நன்மையே செய்தது. வயதைச் சுட்டிக்காட்டி அவர் நழுவுவதும், அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததுமாக, வேறுபாட்டை மறைக்காமல் அதையே நகைச்சுவையாக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் அந்தக் கூச்சம் இருந்ததில்லை. 1973-இல் "உலகம் சுற்றும் வாலிபன்" வந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 56. படத்தின் பெயரிலேயே வாலிபன் இருக்கிறான், நாமும் விசிலடித்து ஒப்புக்கொண்டோம். ஆகவே, தமிழ்த் திரையில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் காதலித்ததே இல்லை என்று யாராவது குறைப்பட்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் ஓயாமல் காதலித்தார்கள். கதை மட்டும் அவர்களுடைய வயதை ஒப்புக்கொள்ளவில்லை.

மூத்த பெண்ணும் இளைய ஆணும் வரும் படங்கள்?

மிகக் குறைவு. வந்தவற்றிலும் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கும். கே. பாலசந்தரின் "அபூர்வ ராகங்கள்" (1975) நகைச்சுவைப் படம் அன்று என்றாலும் இங்கே சொல்லத் தக்கது. அதில் கமல்ஹாசன் காதலிக்கும் மூத்த பெண், வளர்ந்த மகளுக்குத் தாய். அந்த வேடத்தில் நடித்த ஸ்ரீவித்யாவுக்கு அப்போது வயது 22. கமலைவிட ஓராண்டு சில மாதங்களே மூத்தவர். ஹாலிவுட்டும் இதில் சளைத்ததில்லை: "ஹலோ, டாலி!" (1969) படத்தில், அனுபவப்பட்ட விதவைத் தரகரான டாலியாக நடித்த பார்பரா ஸ்ட்ரெய்சாண்டுக்கு, படப்பிடிப்பின்போது முப்பதைத் தொடவே சில ஆண்டுகள் இருந்தன. மூத்த பெண்ணைப் பற்றிக் கதை எழுதத் துணிந்தவர்கள்கூட, மூத்த பெண்ணின் முகத்தைத் திரையில் காட்டத் துணியவில்லை.

அப்படியானால் இருவருமே இளமை தாண்டியவர்களாக இருக்கும் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

"டெஸ்க் செட்" (1957). இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஸ்பென்சர் டிரேசிக்கு அப்போது 57, கேதரின் ஹெப்பர்ன் ஐம்பதை எட்டியிருந்தார். இருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் இது எட்டாவது.

ஹெப்பர்ன் நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தகவல் பிரிவுக்குத் தலைவி. யார் தொலைபேசியில் எதைக் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டியோ நினைவிலிருந்தோ பதில் சொல்கிற பெண்கள் நால்வர் அங்கே இருக்கிறார்கள். அந்த இடத்தில் அறை நிறையும் அளவுக்கு ஒரு கணினியைக் கொண்டுவந்து நிறுவ வந்தவர் டிரேசி. நாயகிக்கு ஏற்கெனவே ஒரு காதலர் உண்டு. ஏழு ஆண்டுகளாக "இதோ, அதோ" என்று திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் மேலதிகாரி.

இதில் மொட்டைமாடிக் காட்சி ஒன்று உண்டு. குளிர்காலம், உணவகத்துக்கு அழைத்துப்போவார் என்று அவள் எதிர்பார்த்திருக்க, அவர் மாடிக்கு அழைத்துப்போய்க் காகிதப் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்து நீட்டுகிறார். இருவரும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ரயிலில் இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள் என்கிற மாதிரியான புதிர்களை அவர் ஒவ்வொன்றாகப் போடுகிறார். அவள் சாண்ட்விச்சை மென்றபடி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். ஒரு சொல்லில்கூடக் காதல் இல்லை. ஆனால் கேள்வி கேட்கிறவரின் முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகிறது. எத்தனையோ ஆண்டு உழைப்பில் சேர்த்த அறிவை ஒரு பெண் எவ்வளவு அநாயாசமாகச் சுமக்கிறாள் என்று கண்டுகொண்ட மனிதரின் முகம் அது. இருபது வயதுக் காதலில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை, அந்த வயதில் சேர்த்து வைத்திருக்க எதுவும் இருக்காது. எங்கள் அறையில் இந்தக் காட்சி முடிந்தபோது, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், "அந்த மேலதிகாரியை இவள் இனிமேல் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்" என்று உரக்கவே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

அடுத்தபடியாக "தி ஆப்பிரிக்கன் குயின்" (1951). சாகசப் படம் என்று பெயர் பெற்றாலும், அதன் முதல் பாதி கலப்பில்லாத நகைச்சுவை. சமயப் பணியாளரான அண்ணனுடன் ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் திருமணமாகாத பெண்ணாகக் கேதரின் ஹெப்பர்ன். ஜின்னும் எண்ணெய்க் கறையுமாகத் திரியும் படகோட்டியாக ஹம்ஃப்ரி போகார்ட். தேநீர் மேசையில் அவருடைய வயிறு உறுமுவதும், அண்ணனும் தங்கையும் அது காதில் விழாதது போல் பேச்சைத் தொடர்வதும், பிற்பாடு அவருடைய ஜின் போத்தல்களை அவள் ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்ப்பதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். போகார்டுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது இந்த ஒரு படத்துக்குத்தான்.

"காக்டஸ் ஃபிளவர்" படத்தை அடிக்கடி சிபாரிசு செய்கிறீர்களே, ஏன்?

1969-இல் வந்த அந்தப் படத்தில் வால்டர் மாத்தாவ் ஒரு பல் மருத்துவர். தமக்கு மனைவி இருப்பதாக இளம் காதலியிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறார். அந்தக் காதலி மனைவியைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, பல்லாண்டுகளாகத் தம்மிடம் வேலை செய்யும் தாதியை மனைவியாக நடிக்கச் சொல்கிறார். அந்தத் தாதி இங்க்ரிட் பெர்க்மன். மாத்தாவைவிட ஐந்து வயது மூத்தவர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். அவளுடைய மேசையில் ஒரு கள்ளிச் செடி இருக்கிறது. அது கடைசியில் பூக்கிறது என்பதைப் படத்தின் பெயரே சொல்லிவிடுவதால், நான் கதையைக் கெடுத்துவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டியதில்லை.

இதே கதை 2005-இல் "மைனே பியார் கியோன் கியா" என்று இந்தியில் வந்தபோது, தாதியாக நடித்த சுஷ்மிதா சென்னுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி இரவு விடுதியில் இறங்கி ஆடுவதைக் கண்டு பக்கத்தில் இருப்பவர்கள் திகைப்பதுதான் மூலப்படத்தின் உயிர். இருபத்தொன்பது வயதுப் பெண் ஆடினால் யார் திகைப்பார்கள்?

"அவ்வை சண்முகி"யில் வரும் விசுவநாத ஐயரை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

அவரைச் சேர்க்காமல் சென்னையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச முடியாது. 1996 தீபாவளிக்கு வெளியான அந்தப் படத்தில், மகளைப் பார்ப்பதற்காக மாமி வேடம் போட்டு மாமனார் வீட்டுக்குள்ளேயே வேலைக்கு நுழைகிறார் கமல்ஹாசன். மனைவியை இழந்த மாமனார், வேலைக்கு வந்த மாமியின் மீதே மனத்தைப் பறிகொடுத்து, மணந்துகொள்ளவும் ஆசைப்படுகிறார். அந்த மாமனாராக எழுபத்தாறை நெருங்கிக்கொண்டிருந்த ஜெமினி கணேசனை நடிக்க வைத்தது, கிரேஸி மோகன் எழுதிய வசனங்களுக்கு இணையான ஒரு நகைச்சுவை. தமிழ்நாடு முழுக்கக் காதல் மன்னன் என்று அறிந்த மனிதர், இத்தனை காலத்துக்குப் பிறகு மனம் இளகி நிற்பதைப் பார்க்கும்போது, நாம் ஐயரைப் பார்த்துச் சிரிக்கிறோமா, ஜெமினியோடு சேர்ந்து சிரிக்கிறோமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவரும் ஒரு நொடிகூடக் கோமாளித்தனம் செய்யாமல், உண்மைக் காதலனுக்குரிய பணிவோடுதான் அந்த வேடத்தைச் செய்தார்.

பெண் வேடமிட்ட ஆணைக் காதலிக்கும் மூத்த மனிதர் என்றவுடன் பில்லி வைல்டரின் "சம் லைக் இட் ஹாட்" (1959) நினைவுக்கு வரும். ஜோ இ. பிரவுன் நடித்த ஆஸ்குட் என்ற கோடீசுவரர் அறுபதைத் தாண்டியவர். எத்தனை முறை திருமணம் செய்துகொண்டீர்கள் என்று கேட்டால் ஏழோ எட்டோ, அம்மாதான் கணக்கு வைத்திருக்கிறாள் என்பார். கடைசிக் காட்சியில், விசைப்படகில் தம் பக்கத்தில் இருப்பவர் பொய்முடியைக் கழற்றித் தாம் ஆண் என்று சொன்ன பிறகும், குறையில்லாதவர் யார் என்று சொல்லிவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டே போகிறார்.

ஆஸ்குட்டுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஐயருக்கோ வீடு, மகள், பேத்தி, ஊர்ப்பேச்சு எல்லாம் உண்டு. அவர் காதலிப்பது மருமகனைத்தான் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே அவருடைய காதல் படம் தொடங்கியதிலிருந்தே கைகூட வழியற்றது. மூத்தவரின் காதலை இவ்வளவு இனிமையாகக் காட்டிய தமிழ்ப்படம், அதைப் பலிக்க முடியாத ஓர் ஆளின்மேல் வைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது என்பது என்னுடைய சின்ன மனக்குறை.

பிள்ளைகள் தடையாக நிற்கும் கதைகளில் எது நன்றாக வந்திருக்கிறது?

"யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்" (1968) படத்தில் ஹென்றி ஃபோண்டாவுக்குப் பத்துப் பிள்ளைகள், லூசில் பாலுக்கு எட்டு. பதினெட்டுப் பேரும் சேர்ந்து செய்யும் அட்டகாசத்தில் காதலுக்கு நேரமே கிடைக்காது. அதன் சாயலில் பாசு சாட்டர்ஜி எடுத்த "கட்டா மீட்டா" (1978) எனக்கு மூலத்தைவிடப் பிடிக்கும். பம்பாயின் பார்சிக் குடும்பங்களில் மனைவியை இழந்த அசோக் குமாரும் கணவரை இழந்த பேர்ல் பதம்சியும், வளர்ந்த பிள்ளைகளின் முகச்சுளிப்புக்கு நடுவே இல்லறம் தொடங்குகிறார்கள். புதிய மனைவியைப் பார்த்துப் பூரிப்பதா, பெரிய பிள்ளைகளின் பார்வையிலிருந்து அந்தப் பூரிப்பை மறைப்பதா என்று அசோக் குமார் படும் பாடு ஒன்றே போதும்.

தமிழில் இதே முடிச்சை வசந்த் "கேளடி கண்மணி"யில் (1990) கண்ணீராக எடுத்தார். மனைவியை இழந்த எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஆசிரியை ராதிகாவும் இணைவதற்குக் குறுக்கே நிற்பவள் அவருடைய சிறிய மகள். அதை நகைச்சுவையாக எடுத்திருக்க முடியாதா என்று கேட்டால், முடிந்திருக்கும். ஆனால் 1990-இல் நாம் அழத்தான் தயாராக இருந்தோம்.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளே முன்னின்று பெற்றோருக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அறுபது நிறைந்தால் திருக்கடையூருக்குப் போய், மாலை மாற்றி, மறுபடியும் தாலி கட்டி, பேரன் பேத்திகள் கேலி செய்ய, அறுபது வயது மணமகள் உண்மையாகவே வெட்கப்படுகிறாள். ஆயிரம் வீடுகளில் ஆல்பமாக இருக்கும் இந்தக் காட்சியில் நாம் யாரும் கூச்சப்படுவதில்லை. அதே வயதில் இருவர் புதிதாக மாலை மாற்றிக்கொண்டால் மட்டும் "இந்த வயசுலயா" என்ற சொல் வந்துவிடுகிறது. விதவை மறுமணத்துக்கு இடம் தரும் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூத்தவர் காதலில் நகைச்சுவை எப்போது கிண்டலாகிவிடுகிறது?

உடம்பை வைத்துச் சிரிக்கும்போதுதான் இந்த ஐயம் வரும். முழங்கால் வலி, பல்செட், காது கேளாமை ஆகியவற்றை வெளியிலிருந்து காட்டினால் கிண்டல். காதலர்கள் இருவரும் தமக்குள் பகிர்ந்துகொண்டால் நெருக்கம். நான்சி மேயர்ஸ் இயக்கிய "சம்திங்ஸ் காட்டா கிவ்" (2003) இதற்கு நல்ல சான்று. மாரடைப்பிலிருந்து மீண்ட ஜாக் நிக்கல்சனும், நாடகாசிரியையான டயான் கீட்டனும் நெருங்கும் வேளையில் முதலில் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் அறையில் அன்று எழுந்த சிரிப்புக்கு ஈடாக வேறெதையும் நான் கேட்டதில்லை. ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் அந்தக் கருவி இருக்கிறது.

காதலை ஏற்காமல் திரும்பிப் போகும் மூத்தவர்கள் உண்டா?

"மூன்ஸ்ட்ரக்" (1987) படத்தில் ஒலிம்பியா டுகாகிஸ் நடித்த தாய். கணவரின் துரோகத்தை அறிந்தவள், உணவகத்தில் தனியாகச் சாப்பிடும்போது ஒரு பேராசிரியர் அறிமுகமாகிப் பேச்சுக் கொடுக்கிறார். வீடு வரை கூட வரும் அவரை வாசலோடு அனுப்பிவிட்டு உள்ளே போகிறாள். தான் யார் என்பது தனக்குத் தெரியும் என்பதே அவள் சொல்லும் காரணம். அந்த வேடத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அண்மைக் காலத் தமிழ்ப் படங்களில் மாற்றம் தெரிகிறதா?

தெரிகிறது. தனுஷ் இயக்கிய "ப. பாண்டி" (2017) படத்தில், ஓய்வுபெற்ற சண்டைப் பயிற்சியாளரான ராஜ்கிரண் சென்னையில் மகன் வீட்டை விட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, முதல் காதலியைத் தேடி ஹைதராபாத் போகிறார், அங்கே ரேவதியும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் தவிக்கும் நேரங்கள் அருமையானவை. பழைய காதல் என்பதால் அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது என்பது மட்டும் என் குறை.

சுதா கொங்கராவின் "இளமை இதோ இதோ" குறும்படம் ("புத்தம் புது காலை" தொகுப்பு, 2020) இன்னும் ஒரு படி முன்னே போகிறது. துணையை இழந்த ஜெயராமும் ஊர்வசியும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் சந்திக்க, ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கும்போது அவர்கள் காளிதாஸ் ஜெயராமாகவும் கல்யாணி பிரியதர்ஷனாகவும் தெரிகிறார்கள். உத்தி அழகானது. ஆனாலும் நரைத்த முகத்தோடு ஊர்வசி சண்டை போடும் இடங்களே எனக்குக் கூடுதலாகப் பிடித்தன.

இந்த ஆங்கிலப் படங்களையெல்லாம் அந்தக் காலத்தில் சென்னையில் எங்கே பார்த்தார்கள்?

அண்ணா சாலைப் பக்கம் இருந்தவர்கள் கேசினோவிலும், ஜார்ஜ் டவுன்காரர்கள் மினர்வாவிலும் பார்த்தார்கள். சஃபையர் வளாகத்தில் இருந்த புளூ டைமண்டில் தொடர்காட்சி உண்டு. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், பார்க்காத பகுதி மறுபடி வரும் வரை உட்கார்ந்திருக்கலாம். எங்கள் குழுவில் ஒருவர் கல்லூரி நாட்களில் ஒரு காதல் நகைச்சுவைப் படத்தை அங்கே முடிவிலிருந்து தொடக்கமாகப் பார்த்திருக்கிறார். கல்யாணம் முதலில் முடிந்துவிட்டது, அறிமுகம் பிற்பாடுதான் நடந்தது என்று அவர் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்பார்.